பழைய கணினியும் சிறிய ஆதாயமும்

அல்சூரில் நாம் குடியிருக்கும் வீட்டின் முன்னறையில் ஒரு மேசை உண்டு. முன்பெல்லாம் அதன்மீது செய்தித்தாளும் நம் மூக்குக் கண்ணாடியும் மட்டுமே இருக்கும். 2023ஆம் ஆண்டு முதல் அந்த மேசை நம் வசத்தில் இல்லை. திருப்பத்தூரிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்து நம்முடன் தங்கியிருக்கும் தமக்கை மகன், மாலையில் வேலை விட்டு வந்ததும், ஒரு பழைய மடிக்கணினியை அதன்மேல் கவிழ்த்து வைத்து, அடிப்பலகையின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காப்பித் தட்டில் வரிசையாக அடுக்குகிறான். காப்பி ஆறிப்போகிறது. அவனுடைய அத்தை மூன்று முறை அழைத்த பின்னரே சோற்றுக்கு எழுகிறான்.

பழைய கணினிகளையும் கைப்பேசிகளையும் வாங்கிச் சீர்செய்து, இணையத்தில் விளம்பரம் கொடுத்து, சிறு ஆதாயத்திற்கு விற்பது அவனது துணைத் தொழில். மாதத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று விற்பான். அதில் வருவது வீட்டு வாடகைக்குக் காணாது. ஊரிலுள்ள தாயாரின் மருந்துச் செலவுக்குக் காணும்.

நம் தமக்கைக்கு இது முதலில் பிடிக்கவில்லை. "படிச்ச பிள்ளை குஜரிக்காரன் மாதிரி மூட்டை தூக்கிக்கிட்டு அலையறதா? நீ பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கியே தம்பி" என்று தொலைபேசியில் நம்மைக் கடிந்துகொண்டார். பழம்பொருள் கடைக்கு இவ்வூரில் வழங்கும் பெயர் குஜரி. இதே கேள்வியைச் சங்கத்திற்கு வரும் பெற்றோர் சிலரும் வேறு சொற்களால் நம்மிடம் கேட்டனர். இத்தொழில் மானமுள்ளதா? இதில் மெய்யாகவே காசு உண்டா? பிள்ளைகள் வம்பில் மாட்டிக்கொள்வார்களா? ஆதலின், நாம் அருகிருந்து கண்டதையும் ஒருமுறை பட்டதையும் அன்பர்களுக்கு எழுத எண்ணினோம்.

நகரச் சந்தைக்கும் டவுன் ஹாலுக்கும் அணித்தே உள்ளது எஸ்.பி. சாலை. சாதர் பட்ரப்பா சாலை என்பது அதன் முழுப்பெயர். சென்னைக்கு ரிச்சித் தெரு எப்படியோ, டில்லிக்கு நேரு பிளேஸ் எப்படியோ, பெங்களூருக்கு இச்சாலை அப்படி. அல்சூரிலிருந்து ஊதாத் தடத்து மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்திற்கு மாறி, சிக்கப்பேட்டையில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். ஒவ்வொரு சந்திலும் மாடிப்படியின் அடிவரை கடைகள். ஒரு கடையில் விசைப்பலகைகள் மட்டும். அடுத்ததில் சார்ஜர்கள் மட்டும், கொத்துக் கொத்தாகத் தொங்கும். இன்னொன்றில் ஒருவர் பூதக் கண்ணாடியின் கீழ் தாய்ப்பலகையை வைத்து, நெல்லினும் சிறிய ஓர் உறுப்பை எடுத்து வேறொன்றைப் பொருத்திக்கொண்டிருப்பார். கன்னடம், தமிழ், உருது, இந்தி, மார்வாடி யாவும் அங்கு ஒரே பேரத்தில் கலந்து ஒலிக்கும். "ஸ்வல்ப கம்மி மாடி" என்னும் மூன்று சொற்களைக் கற்றவன் அச்சாலையில் பிழைத்துக்கொள்வான். கொஞ்சம் விலையைக் குறையுங்கள் என்பது பொருள்.

1985ஆம் ஆண்டு தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டை அறிந்த முதியோருக்கு இவ்விடம் புதிதாகத் தோன்றாது. பழைய கிராமபோனும் பழைய புத்தகமும் அங்கு விலைபோனவாறே இங்குப் பழைய கணினி விலைபோகிறது.

இவ்வளவு பழைய கணினிகள் எங்கிருந்து வருகின்றன என்று நாமும் முதலில் வியந்தோம். இந்நகரின் மென்பொருள் நிறுவனங்கள் தம் ஊழியர்க்கு அளித்த கணினிகளை மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை மாற்றுகின்றன. கழித்தவற்றை நூறு, இருநூறு என மொத்தமாக வியாபாரிகள் எடுக்கின்றனர். அலுவலகத்திற்கென்றே செய்யப்பட்ட அக்கணினிகள் உறுதியானவை. கழற்றிப் பழுது பார்க்கவும் எளியவை. ஆனால், தம் செய்திகள் வெளியேறாதிருக்கும் பொருட்டு நிறுவனங்கள் வட்டைக் கழற்றிக்கொண்டே விற்பதுண்டு. சிலவற்றில் திறவுச்சொல் பூட்டு நீக்கப்படாமலே வந்துவிடும். அத்தகைய பெட்டியை வாங்கியவன் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையில் தோன்றும் பூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2025ஆம் ஆண்டு இவ்வியாபாரத்தில் ஒரு குலுக்கல் நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த பொதுவான ஆதரவு முடிந்தது. தனியார் பயனர்க்கு 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும் என்று அறிவித்தனர். அடுத்ததாகிய விண்டோஸ் 11, இன்டெல் சில்லுகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை ஏற்பதில்லை. ஆக, ஏழாம் தலைமுறைக் கணினி நேற்றுவரை நன்றாக ஓடியிருப்பினும், இன்று சந்தையில் அதற்கு மதிப்புக் குறைந்தது. நம் மருமகப் பிள்ளை அந்தக் கோடையில் ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் நான்கை மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்து வாங்கி வந்தான். மலிவின் காரணம் அவனுக்குப் பின்னரே விளங்கிற்று. நான்கிலும் லினக்ஸ் ஏற்றி, இன்னது இதில் ஓடும், இன்னது ஓடாது என்று எழுதி, இரண்டைப் பொறியியல் மாணவர்க்கு வாங்கிய விலைக்கே கொடுத்தான். மற்ற இரண்டின் கதையைப் பின்னர்ச் சொல்வோம்.

இணையத்தில் பழம்பொருள் விற்பதென்பது நேற்று முளைத்ததன்று. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர், பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்ற ஏலத் தளத்தைத் தொடங்கியபோது, அதில் முதன்முதல் விலைபோன பொருள் உடைந்துபோன லேசர் சுட்டி ஒன்று. 14 டாலர் 83 சென்ட்டுக்கு ஒருவர் அதை வாங்கினார். உலகப் பெருவணிகம் ஒன்று பழுதான மின்னணுப் பொருளில் தொடங்கியது என்பதை எண்ணினால், நம் முன்னறை மேசையின்மீது நமக்குச் சற்று மரியாதை பிறக்கிறது. அந்நிறுவனம் 2004இல் பாஜி என்னும் இந்தியத் தளத்தை வாங்கி இங்குக் காலூன்றியது. 2018 ஆகஸ்டில் இந்தியத் தளம் மூடப்பட்டது. இதற்கிடையே 2006இல் ஓ.எல்.எக்ஸ். தோன்றிற்று, 2008இல் குயிக்கர் வந்தது. இவற்றின் புதுமை என்னவெனில், ஏலமும் தபாலும் இன்றி, ஒரே ஊரில் உள்ள விற்பவனையும் வாங்குபவனையும் நேருக்கு நேர் நிறுத்தியமை. பணம் கைமாறுவது அவர்களிருவர் பாடு. பொருளின் தரமும் அவர்கள் பாடே. வசதியும் இடரும் அங்கேயே தொடங்குகின்றன.

இனி ஆதாயக் கணக்கிற்கு வருவோம். இத்தொழிலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டுமே சொல்வர். இடையில் உள்ளதைச் சொல்லார். 2024இல் நம் பிள்ளை ஒரு திங்க்பேட் டி-490 மடிக்கணினியை 11,000 ரூபாய்க்கு வாங்கினான். எட்டாம் தலைமுறைச் சில்லு, உடல் நலமாயிருந்தது. ஆனால் வட்டு இல்லை, சார்ஜர் இல்லை. பேட்டரியை அவன் சோதித்தபோது, புதிதாயிருக்கையில் 50 வாட்-மணி கொள்ள வேண்டியது 19க்கு இறங்கியிருந்தது. விண்டோஸ் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டினால் இவ்விரு எண்களையும் கணினியே அறிக்கையாகத் தந்துவிடும். விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அவ்வறிக்கையைப் பாராமல் வாங்கலாகாது.

புதுப் பேட்டரிக்கு 2,200 ரூபாய், 256 ஜி.பி. வட்டுக்கு 1,500, சார்ஜருக்கு 700, மெட்ரோவும் ஆட்டோவும் சேர்த்து 140. ஆக அடக்கம் 15,540. விளம்பரத்தில் 18,500 என்று போட்டான். பன்னிரண்டு பேர் விசாரித்தனர். அவருள் எழுவர் "லாஸ்ட் எஷ்டு?" என்று கேட்டுவிட்டு மறைந்தனர். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி, நாள் முழுதும் காக்க வைத்து, இரவு ஒன்பதரைக்கு மன்னிப்புக் கேட்டார். இறுதியில் பையப்பனஹள்ளியிலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, தந்தையுடன் வந்து பார்த்து, 16,500க்கு எடுத்துச் சென்றாள். மிச்சம் 960 ரூபாய். செலவிட்ட நேரத்தை அவன் குறித்து வைத்திருந்தான்: பதினான்கு மணி. மணிக்கு 70 ரூபாய்கூட விழவில்லை.

"இதற்குத்தானா இத்தனை பாடு?" என்று நாம் கேட்டோம்.

"மாமா, முதல் பெட்டிக்குப் பதினான்கு மணி. இரண்டாவதற்கு ஐந்து மணிதான் ஆகும்" என்றான். அவ்வாறே ஆயிற்று. எந்தத் திருகாணி எங்கு இருக்கிறது, எந்தக் கடையில் பேட்டரிக்கு மெய்யாகவே உத்தரவாதம் உண்டு, எந்தக் கீறல் விலையைக் குறைக்கும், எது குறைக்காது என்னும் அறிவு அடுத்த பெட்டிக்கும் உதவுகிறது. பொருளை மலிவாக வாங்குவதில் ஆதாயம் பெரிதாக இல்லை. எல்லோருக்கும் ஏறத்தாழ அதே விலைதான்.

இதனைக் கற்றோர் வேறு வகையில் விளக்கியுள்ளனர். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய மோட்டார் வண்டிச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும்; வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் அஞ்சி எல்லா வண்டிக்கும் குறைந்த விலையே கேட்பான். அவ்விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான். முடிவில் சந்தையில் ஓட்டை வண்டிகளே எஞ்சும். இக்கருத்துக்காக 2001இல் அவருக்கு மற்றிருவருடன் நோபல் பரிசு கிடைத்தது. எஸ்.பி. சாலையில் அரைநாள் நின்றவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். வாங்குபவனின் அச்சத்தை எவ்வளவு நீக்குகிறோமோ அவ்வளவே நமக்குக் கூலி. அந்த 960 ரூபாய், அம்மாணவியின் தந்தைக்கு ஏற்பட்ட நிம்மதியின் விலை என்றே நாம் கருதுகிறோம்.

இந்த வழியை நம் பிள்ளைக்குக் காட்டியவர் நம் தெருவிலுள்ள ஒரு பெரியவர். 1948இல் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். தூரவாணி நகர்க் குடியிருப்பில் வாழ்ந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களிலும் சால்டரிங் கோல் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்த காலம் உண்டு. ஜாலஹள்ளியில் 1954இல் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸும் நம்மவர் பலருக்குச் சோறு போட்டது. அப்பெரியவர் பிள்ளைக்கு ஈயம் பற்ற வைக்கக் கற்பித்தார். அதனுடன் ஒரு வழக்கத்தையும் கற்பித்தார். தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவியோடும் சோதனைச் சீட்டு ஒன்று போகுமாம். நீயும் அதுபோல் எழுதிக் கொடு என்றார். அன்று முதல் விற்கும் ஒவ்வொரு பெட்டியோடும் அரைத்தாள் ஒன்று போகிறது: பேட்டரி எவ்வளவு, எந்த விசை சற்று அழுந்துகிறது, மூடியில் கீறல் எங்கு, எப்பொழுது யாரிடம் வாங்கியது, பதினைந்து நாளில் பழுதானால் என்ன செய்வது. கீழே அவன் கையெழுத்தும் தேதியும். குறையை முன்னதாகவே எழுதினால் விலை குறையாதோ என்று நாம் ஐயுற்றோம். சிறிது குறைகிறது. பேரம் மட்டும் விரைவில் முடிகிறது.

இதுவரை சொன்னது வெளிச்சமான பக்கம். இனிச் சொல்வது, நம் வீட்டார் இரண்டு இரவு உறங்காத கதை.

2024ஆம் ஆண்டு மழைக்காலம். மெட்ரோ நிலையம் ஒன்றின் வாயிலில், இணைய விளம்பரம் வாயிலாக அறிமுகமான ஒருவனிடம், நம் பிள்ளை ஒரு கைப்பேசியை 6,500 ரூபாய்க்கு வாங்கி வந்தான். அந்த வகைப் பேசி பழையதாகவே 11,000க்குப் போகும். பில் எங்கே என்று கேட்டதற்கு, வீடு மாறும்போது தொலைந்தது என்று விடை வந்ததாம். ஊருக்குப் போக அவசரமாகப் பணம் வேண்டும் என்றும் சொன்னானாம். பிள்ளை இரக்கப்பட்டான். மெய்யைச் சொன்னால், 4,500 ரூபாய் வேறுபாடும் அவன் கண்ணை மறைத்தது. தன் சிம்மைப் போட்டு நமக்கே ஒரு முறை பேசிக் காட்டினான், நன்றாகக் கேட்டது. மறுநாள் மாலை அலைவரிசை அற்றுப்போயிற்று. சிம் பழுது என்று எண்ணி, விளம்பரத்தைப் போட்டுவிட்டான்.

வாங்க வந்த இளைஞன் விவரம் அறிந்தவன். *#06# என்று தட்டித் திரையில் வந்த பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொண்டான். தன் பேசியில் கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடம் விட்டு அவ்வெண்ணையும் தட்டி, 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினான். வந்த விடையை நம் பக்கம் திருப்பிக் காட்டினான். அந்த எண் கறுப்புப் பட்டியலில் உள்ளது என்றிருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. நம் வாசற்படியில் நின்றபடியே நம்மை ஒரு பார்வை பார்த்தான். இவ்வூரில் நாற்பதாண்டுகள் வாழ்ந்து, எவரும் நம்மை அப்படிப் பார்த்ததில்லை.

கைப்பேசியைப் பறிகொடுத்தவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் விவரத்துடன் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். பதிவேட்டில் பதிந்தால், அந்தப் பதினைந்து இலக்க எண்ணை நாடெங்கும் முடக்கிவிடலாம். 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி தளம் தொடங்கப்பட்டதிலிருந்து இவ்வசதி எல்லா மாநிலத்தார்க்கும் கிட்டியது. திருடனுக்கு அப்பேசியால் பயனில்லாமற்போக வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே அவன், முடக்கப்படுவதற்கு முன்னே, அறியாத ஒருவன் தலையில் கட்டிவிட விரைகிறான். அறியாதவன் இம்முறை நம் வீட்டில் இருந்தான்.

சட்டம் இதில் கண்டிப்பானது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்புதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் அதைப் பெற்று வைத்திருப்பவனுக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் உள்ளது. "எனக்குத் தெரியாது" என்று ஒருவன் சொல்லலாம். பாதி விலைக்கு, பில் இன்றி, தெருமுனையில் வாங்கியவனுக்கு ஐயுறக் காரணமே இல்லையா என்று எதிரில் இருப்பவர் கேட்பாரே!

அன்றிரவு பிள்ளை உண்ணவில்லை. "பேசாமல் குப்பையில் போட்டுவிடட்டுமா, மாமா?" என்று கேட்டான். அந்த எண்ணம் நமக்கும் ஒரு கணம் தோன்றியதை மறைப்பானேன்? பிற மாநிலத்தில் வாழும் குடும்பத்திற்குக் காவல் நிலையப் படி என்றால் உள்ளூர ஓர் அச்சம் உண்டு. மொழி சரியாக வராது. யாரை அழைப்பது என்று தெரியாது. செய்தி ஊர் போய்ச் சேர்ந்தால் தமக்கை முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டாம் நாள் காலை, அப்பெரியவரையும் அழைத்துக்கொண்டு, மூவருமாகப் போனோம். விற்றவனுடன் நடந்த உரையாடல், பணம் அனுப்பிய யு.பி.ஐ. சான்று ஆகியவற்றை அச்சிட்டு எடுத்துச் சென்றோம். பெரியவர் கன்னடத்தில் நடந்ததை நடந்தவாறே எழுதிக் கொடுத்தார். அலுவலர் படித்துவிட்டு, நீங்களே வந்தது நல்லதாயிற்று என்று மட்டும் சொல்லி, பேசியைப் பெற்றுக்கொண்டு ஒப்புகை தந்தார். பின்னர் இருமுறை விசாரணைக்கு அழைத்தனர்; சென்றோம்.

அப்பேசிக்கு உரியவர் பீன்யாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை செய்யும் பெண்மணி. பேருந்து நெரிசலில் பறிகொடுத்திருக்கிறார். தவணையில் வாங்கியது, பொருள் போன பின்னும் மூன்று தவணை கட்ட வேண்டியிருந்ததாம். இதைக் கேட்டபின் நம் பிள்ளை, போன 6,500 ரூபாயைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை. ஏழு பெட்டி விற்று ஈட்டிய ஆதாயம் ஒரே நாளில் போயிற்று. அதன்பின் கைப்பேசி வாங்கும்போது, பில்லும் விற்பவரின் அடையாளச் சான்று நகலும் கையில் வந்து, 14422இன் விடையும் வந்த பிறகே பணம் எடுக்கிறான். ஐபோன் என்றால் 2013 முதலும், ஆண்ட்ராய்டு என்றால் 2015 முதலும், முன்னவரின் கணக்கோடு பூட்டு ஒன்று பிணைந்துள்ளது. அதனை விற்பவர் தம் கையாலேயே, நம் கண்முன், திறவுச்சொல் இட்டு நீக்க வேண்டும். "அப்புறம் அனுப்புகிறேன்" என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

தம் பொருளை விற்கும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜயநகரில் ஒரு வீட்டில் வாங்கிய கணினியில், எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று அவ்வீட்டார் சொல்லியிருந்தும், மறைந்துபோன இல்லத்தலைவரின் படங்களும் அவர் பேரக்குழந்தைக்குக் கதை சொல்லும் ஒலிப்பதிவுகளும் அப்படியே இருந்தன. கோப்பை நீக்குவதென்பது பெரும்பாலும் பொருளடக்கத்திலிருந்து பெயரை அடிப்பதேயன்றி, ஏட்டைக் கிழிப்பதன்று. பிள்ளை அவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த அம்மையார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், உள்ளே வா என்று சொல்லவும் மறந்துவிட்டாராம். எல்லோர் கைக்கும் இவ்வாறு திரும்பி வராது. வங்கிக் கடிதமும் ஆதார் நகலும் அவ்வட்டிலேயே கிடந்தன. விற்குமுன், வேண்டுவனவற்றைப் படியெடுத்துவிட்டு, வட்டு முழுவதையும் அழிக்கும் முறையைத் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யவும்.

பண மோசடியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர், சுருக்கிச் சொல்கிறோம். விளம்பரம் போட்ட பத்தாம் நிமிடத்தில், பொருளைப் பாராமலே முழு விலையும் தருவதாக ஒருவர் அழைத்தால், அவர் பெரும்பாலும் வாங்க வந்தவரல்லர். படைவீரர் என்று சொல்லி அடையாள அட்டைப் படமும் அனுப்புவர். பிறகு ஒரு கட்டத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுங்கள், பணம் வரும் என்பர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் வேண்டியதே இல்லை. அது செலுத்துவதற்கு மட்டுமே. தனியார் இருவரிடையே யு.பி.ஐ. வழியாகப் பணம் கோரும் முறையை 2025 அக்டோபர் முதல் நிறுத்துமாறு தேசியப் பணக்கொடுப்புக் கழகம் வங்கிகளைப் பணித்தது இதன் பொருட்டே. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930ஐ அழைக்க வேண்டும்.

வரியைப் பற்றியும் சிலர் கேட்டனர். 2025 ஜூலையில், யு.பி.ஐ. வரவைக் கொண்டு கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைக்காரர்க்கு நோட்டீசு அனுப்பியதும், கடைகளில் க்யூ.ஆர். அட்டைகள் மறைந்து "காசு மட்டும்" என்ற பலகைகள் தோன்றியதும் நினைவிருக்கும். சரக்கு விற்போர்க்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்போதே பதிவு பற்றிய அச்சோதனை எழுந்தது. மாதம் இரண்டு பெட்டி விற்பவன் அவ்வளவுக்கு அருகிலும் செல்லான். பெரிதாக வளர்ந்து பதிவு செய்துகொள்வோர்க்கு, பழம்பொருளில் முழு விலைக்கன்றி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டிற்கு மட்டும் வரி கட்டும் முறை சரக்கு சேவை வரி விதிகளில் உண்டு. எதற்கும் ஒரு நோட்டில் வரவு செலவை எழுதி வைப்பது நலம். நம் பிள்ளை எழுதுகிறான்; அத்தை அதைப் படிக்கிறாள்.

விற்க முடியாதவற்றை என்ன செய்வது? 2022இல் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் முறைப்படி மீட்கப்பட்டது நூற்றுக்கு 22 பங்கு அளவே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. எஞ்சியவற்றில் எவ்வளவு நம் நகரத்தின் பின்தெருக்களில் அமிலத்திலும் நெருப்பிலும் கரைகிறதோ! இந்தியாவில் முதன்முதல் அனுமதி பெற்ற மின்னணுக் குப்பை மீட்பு நிலையம் நம் நகருக்கு வெளியே தாபஸ்பேட்டையில் 2005இல் தொடங்கிய ஈ-பரிசரா என்பது அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி. பழைய பேட்டரியை, அதிலும் வயிறு ஊதிய பேட்டரியை, வீட்டுக் குப்பையோடு போடலாகாது, குத்தவும் கூடாது, தீப்பற்றும்.

நான்கில் எஞ்சியதாகச் சொன்ன ஏழாம் தலைமுறைப் பெட்டிகளுள் ஒன்றை, அப்பெரியவரின் பேத்தி தட்டச்சுப் பழகக் கொண்டுபோனாள். மற்றதன் தாய்ப்பலகை எரிந்துவிட்டது. அதன் பேட்டரியை மட்டும் கழற்றித் தனியே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறான், மீட்பு நிலையத்திற்குப் போகும் அடுத்த மூட்டையில் சேர்க்க. திரை நல்ல நிலையில் இருக்கிறது. அதற்கு விளம்பரம் போட்டதும், எலஹங்காவிலிருந்து ஒருவர் 900 ரூபாய்க்குக் கேட்டு எழுதினார். நேற்றிரவு நாம் செய்தித்தாளைத் தேடிக்கொண்டு முன்னறைக்குப் போனபோது, பிள்ளை அவருக்கு விடை தட்டிக்கொண்டிருந்தான். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். "ஸ்வல்ப ஜாஸ்தி கொடி, சார்" என்று எழுதியிருந்தான்.